சிவந்த ஆல்பமும் பச்சையடித்த முகமும்: படத்தின் தொனி, நிறச்சாய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்கள், நண்பர்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து திருத்திக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், போன வாரம் மண்டபத்தில் செல்போனில் எடுத்த படம் என்று எல்லாம் வரும். கூடவே கேள்விகளும் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் பயன்படுத்துவது கிம்ப். இலவச மென்பொருள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். இங்கே சொல்லும் லெவல்ஸ், கர்வ்ஸ், கலர் பேலன்ஸ் என்ற மூன்று திருத்தக் கருவிகளும் போட்டோஷாப்பிலும் இதே பெயரில் இருக்கின்றன.

தொனி என்பது என்ன, நிறச்சாய்வு என்பது என்ன?

படத்தில் எந்த இடம் எவ்வளவு இருட்டு, எந்த இடம் எவ்வளவு வெளிச்சம் என்பது தொனி. படம் கருத்துப் போயிருக்கிறது, வெளிறிப் போயிருக்கிறது, சப்பென்று இருக்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் தொனியைப் பற்றித்தான். நிறச்சாய்வு வேறு. படம் முழுவதற்கும் ஒரு நிறக் கண்ணாடித்தாளைப் போர்த்தியதுபோல மஞ்சளோ நீலமோ பச்சையோ ஏறியிருப்பது அது. சுவர் மஞ்சளாக இருந்தால் அது சுவரின் நிறம். சுவர், சட்டை, பல், கண்ணின் வெள்ளை எல்லாமே மஞ்சளடித்தால் அது சாய்வு.

இரண்டில் எதை முதலில் திருத்த வேண்டும்?

தொனியை. இருண்ட படத்தில் சாய்வு ஒளிந்துகொண்டிருக்கும். முதலில் நிறத்தைத் திருத்திவிட்டு அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டினால், மிச்சமிருந்த சாய்வும் சேர்ந்து பெரிதாகி வெளியே வரும். செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

ஹிஸ்டோகிராம் என்ற மலைப்படத்தை எப்படிப் படிப்பது?

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கருப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. எந்த எண்ணில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைத்தான் அந்த மலை காட்டுகிறது. இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். மலை நடுவிலேயே சுருங்கி இரண்டு ஓரமும் காலியாகக் கிடந்தால் படம் சப்பென்று இருக்கும். லெவல்ஸில் கீழே இருக்கும் கருப்பு முக்கோணத்தையும் வெள்ளை முக்கோணத்தையும் மலை தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. நடு முக்கோணம் ஓரங்களைத் தொடாமல் இடைப்பட்ட தொனியை மட்டும் ஏற்றி இறக்கும்.

மலை வலது ஓரத்தில் சுவரில் மோதியதுபோல நிற்கிறதென்றால் அங்கே விவரம் எரிந்துபோயிருக்கிறது. ஜேபெக் படமாக இருந்தால் அதை மீட்க வழியில்லை. எல்லாப் படத்துக்கும் இரண்டு ஓரமும் நிரம்ப வேண்டும் என்று சட்டமும் இல்லை. மார்கழிப் பனியில் எடுத்த படத்தில் கருப்பே இருக்காது. வலிய இழுத்தால் பனி போய்விடும்.

ட்யூப்லைட்டில் எடுத்த படத்தில் முகம் ஏன் பச்சையடிக்கிறது?

பழைய ட்யூப்லைட்டுக்குள் இருப்பது பாதரச ஆவி. அது உமிழும் ஒளியில் 546 நானோமீட்டர் அருகே பச்சை ஓங்கி நிற்கும். நம் கண் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும், கேமரா பழகாது. கலர் பேலன்ஸில் மஜென்டா–பச்சை கோட்டை மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் நகர்த்துங்கள். மிட்டோன்ஸ் என்ற இடைத்தொனிப் பகுதியில் தொடங்கினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நிற வெப்பநிலை (கலர் டெம்பரேச்சர்) கோட்டை மட்டும் அசைத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். அது நீலம்–மஞ்சள் அச்சில் மட்டுமே வேலை செய்யும், பச்சையைத் தொடாது.

எடுக்கும்போதே ஒரு கவனம் தேவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் அதற்கு மேல் போனால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரும். 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீட்டு 1980-களின் ஆல்பம் முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் வேலை எளிது. வண்ணப் பிரதியில் மூன்று சாயங்கள் உண்டு: சயான் என்ற பச்சைநீலம், மஜென்டா, மஞ்சள். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் பீரோவுக்குள் இருட்டில் கிடந்தாலும் முதலில் வலுவிழப்பது சயான். சிவப்பு ஒளியை விழுங்குவதுதான் அதன் வேலை. விழுங்குகிறவன் மெலிந்துபோனால் சிவப்பு எல்லா இடத்திலிருந்தும் திரும்பி வரும், நிழலிலிருந்துகூட. கூடவே தாளின் வெள்ளையும் மஞ்சள் பூத்திருக்கும்.

ஸ்கேன் செய்யும்போது ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். 48 பிட் வண்ணம், விவரத்தைக் குறைக்காத டிஃப் கோப்பு என்று வையுங்கள். அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பெரிதாக்க வேண்டுமென்றால் 600.

கிம்பில் திறந்து லெவல்ஸுக்குப் போங்கள். மேலே சேனல் என்ற இடத்தில் ‘வேல்யூ’ என்று இருப்பதை ‘ரெட்’ என்று மாற்றுங்கள். மலை 0-இல் தொடங்காது. எங்கள் பெரியம்மா கல்யாணப் படத்தில் 85-இல்தான் தொடங்கியது. அதாவது படத்தின் மிகக் கருத்த இடத்தில்கூட 85 அளவுக்குச் சிவப்பு. கருப்பு முக்கோணத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அடுத்து பச்சை, அது 40-இல் தொடங்கியது, அதையும் அப்படியே. நீலத்தில் இடது ஓரத்தைவிட வலது ஓரம்தான் முக்கியம். மலை 200-இலேயே முடிந்துவிட்டது, தாள் மஞ்சளானதன் அடையாளம் அது. வெள்ளை முக்கோணத்தை 200-க்கு இழுத்தேன். மூன்று இழுப்பில் நாற்பது வருஷத்துச் செம்மண் புழுதி இறங்கியதுபோல முகங்கள் வெளியே வந்தன. அதைப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையை நான் விடாமல் செய்கிறேன்.

இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தால் ரெட் சேனலின் நடு எண்ணை 1.0-இலிருந்து 0.9 அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

அப்புறம் வீட்டில் கேளுங்கள். அந்தப் படத்தில் பெரியம்மா கட்டியிருந்த பட்டை அரக்கு என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். திரையில் காட்டியபோது, “அரக்கா? அது எம்.எஸ். புளூடா” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. பிரதியில் நீலம் என்பது சயானும் மஜென்டாவும் சேர்ந்தது. சயான் போனால் மஜென்டாவும் அதன்மேல் படிந்த மஞ்சளும் மிஞ்சும், புடவை அரக்காகத் தெரியும். சாயம் அறவே போன இடத்தில் எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடிக்காது. அங்கே கட்டியவரின் நினைவுதான் ஆதாரம்.

ஆட்டோ பட்டன் ஒன்றை அழுத்தினால் போதாதா?

கிம்பில் கலர்ஸ், ஆட்டோ, ஒயிட் பேலன்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. மூன்று சேனலிலும் இரு ஓரங்களிலும் 0.05 சதவீதப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, மீதியை முழு அளவுக்கு இழுத்து நீட்டும். மேலே கையால் செய்ததைத்தான் அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிறது. வெளிறிய பழைய படத்துக்கு நன்றாகவே வரும். நானும் முதலில் அழுத்திப் பார்ப்பேன்.

கல்யாணப் படத்தில் கவிழ்ந்துவிடும். சாமந்தி மாலை, மஞ்சள் சரடு, குங்குமம், சிவப்புப் பட்டு, பொன் ஜரிகை, மஞ்சள் விளக்கு என்று இருக்கும் படத்தில் நீலம் ஏது? மென்பொருளுக்கு நம் விசேஷம் தெரியாது. இல்லாத நீலத்தை இழுத்து நீட்டும், சாமந்தி வெளிறும், குங்குமம் ரோஸ் ஆகும். ஒரே நிறம் நிறைந்த எந்தப் படத்துக்கும் இதே கதிதான். வயல் நிறைந்த படத்தில் பச்சையைச் சாய்வு என்று நினைத்துக்கொள்ளும். நல்ல மஞ்சள் எது, கெட்ட மஞ்சள் எது என்று சொல்ல ஆள் வேண்டும்.

சாம்பல் புள்ளி எடுக்கும் கருவியை எங்கே வைத்து அழுத்துவது? வேட்டியில் வைக்கலாமா?

லெவல்ஸில் மூன்று சொட்டுக்குழாய்கள் இருக்கும். நடுவில் இருப்பது சாம்பலுக்கு. நீங்கள் தொடும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சமமாக்கி, அதே கணக்கில் படம் முழுவதையும் திருத்தும். உண்மையிலேயே சாம்பலான பொருளைத் தொட்டால் ஒரே சொடுக்கில் முடியும். தவறான பொருளைத் தொட்டால் எல்லாம் கெடும்.

வேட்டியைத் தொடாதீர்கள். நம் வீட்டு வேட்டியில் சொட்டு நீலம் போட்டிருக்கும். சோப்புத்தூளிலும் வெண்மையைக் கூட்டும் பொருள் உண்டு, அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். வெயிலிலும் ஃபிளாஷிலும் வேட்டி உண்மையில் நீலம்தான். அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் படம் முழுக்க மஞ்சளைக் கொட்டும். கோடி வேட்டியாக இருந்தால் அது எதிர்ப்பக்கம், லேசான பழுப்பு. எவர்சில்வர் குடமும் வேண்டாம், சுற்றியிருக்கும் எல்லா நிறத்தையும் அது வாங்கிக் காட்டும்.

நான் தேடுவது: நிழலில் இருக்கும் சிமெண்டுத் தரை, தார் ரோடு, கல்தூண், செய்தித்தாளின் ஓரம், கருப்புக் குடையின் வெளிச்சம் பட்ட மடிப்பு. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்து, இரண்டு இடங்கள் ஒரே பதில் சொன்னால் அதை எடுத்துக்கொள்கிறேன். எடுக்கும்போதே கையில் ஒரு 18 சதவீதச் சாம்பல் அட்டை வைத்துக்கொண்டு முதல் படத்தில் அதைப் பிடித்துவிட்டால் இந்தத் தேடலே வேண்டாம்.

தோல் நிறம் சரியாக வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரணப் பகல் வெளிச்சத்தில் மனிதத் தோலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சிவப்பு எண் பெரியது, பச்சை அடுத்தது, நீலம் சிறியது. கருத்த தோலுக்கும் வெளுத்த தோலுக்கும் இது பொது. கன்னத்தில் நிழலும் மினுக்கமும் இல்லாத இடத்தைத் தொட்டு எண்ணைப் பாருங்கள். 118, 80, 60 என்று வந்தாலும் சரி, 225, 180, 155 என்று வந்தாலும் சரி, வரிசை ஒன்றுதான். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் ஊதாவடிக்கும். பச்சை சிவப்பை நெருங்கினால் காமாலை கண்டதுபோல இருக்கும். மஞ்சள் பூசிய முகத்தில் மட்டும் இந்தக் கணக்கை வைக்காதீர்கள்.

இதில் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்பது நம் வேலைக்குள் வராது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் அப்பத்தா காலமானபோது படத்திறப்புக்காக ஒரு ஸ்டுடியோவில் படத்தைக் கொடுத்தோம். மஞ்சளடிப்பதை எடுத்துத் தாருங்கள் என்றுதான் கேட்டோம். மாலை போட்டுத் திறந்தபோது சட்டத்துக்குள் இருந்தது வேறு யாரோ. வெயிலில் எண்பது வருஷம் நின்ற அந்தக் கருப்பைச் சுரண்டி எடுத்து ரோஸ் நிறத்தில் ஒரு முகம் செய்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த அவருடைய தங்கை படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அக்கா படம் இல்லையா?” என்று கேட்டார். பிறகு நானே அசலை ஸ்கேன் செய்து, எட்டு எண் அளவுக்கு மஞ்சளை மட்டும் குறைத்து அச்சிட்டேன். இப்போது சுவரில் இருப்பது அதுதான்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. பிரதி போடும் இயந்திரங்களை அளவு பார்க்க 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் போட்டோ லேப்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று அர்த்தம். பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கருத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்றே ‘ரியல் டோன்’ என்ற வசதியைச் சேர்த்தது. அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நம் கையில் இருக்கும் நடு முக்கோணத்தை அதிகமாக இழுக்காமல் இருக்க நமக்கு ஒரு நொடி போதும்.

முகம் நிழலில் இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுவது நியாயம். கர்வ்ஸில் இருட்டுப் பகுதியை மட்டும் மெல்லத் தூக்குங்கள். நெற்றியின் மினுக்கமும் கன்னத்தின் ஆழமும் அப்படியே இருந்தால் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மினுக்கம் கரைந்து முகம் மாவு பூசியதுபோல ஆனால் தாண்டிவிட்டீர்கள்.

ஒரே படத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். என்ன செய்வது?

ஜன்னல் வெளிச்சமும் குண்டு பல்பும் கலந்தால் இப்படி வரும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு பல்பு ஏறத்தாழ 2,700 கெல்வின், நிழலான பகல் வெளிச்சம் 7,000-க்கு மேல். ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. படத்தின் அடுக்கை (லேயர்) நகலெடுத்து, ஒன்றை ஜன்னலுக்கும் மற்றதை பல்புக்கும் திருத்தி, மேலடுக்கில் எந்த இடம் தெரிய வேண்டும் என்று காட்டும் லேயர் மாஸ்க் போட்டு மென்மையான தூரிகையால் கலக்குங்கள்.

ஷாமியானா இதைவிடக் கடினம். சிவப்புத் துணிக்குக் கீழே உட்கார்ந்தவர் தலையில் சிவப்பு, வாசலிலிருந்து வரும் வெயில் கன்னத்தில் வெள்ளை. தென்னங்கீற்றுப் பந்தலானால் லேசான பச்சை. முகங்களுக்கு மட்டும் மாஸ்க் போட்டுப் பாதி அளவு குறையுங்கள். பந்தலுக்குக் கீழே இருந்தவர் பந்தலுக்குக் கீழே இருந்ததுபோலத் தெரிவதுதான் நல்லது.

கச்சேரி மேடையில் ஊதா விளக்கு. முகம் முழுக்க ஊதா. எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அந்த எல்இடி விளக்கில் சிவப்பும் நீலமும் மட்டும் எரிந்தால் பச்சைச் சேனலில் பதிவே இருக்காது. கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பு இருந்தால் கொஞ்சம் முயலலாம். இல்லையென்றால் கருப்பு வெள்ளையாக்குங்கள், அழகாக இருக்கும்.

கருப்பு வெள்ளைப் படம் பழுப்பேறிவிட்டது. நிறத்தை எடுத்துவிட்டால் போதுமா?

அவசரப்படாதீர்கள். வண்ணத்திலேயே ஸ்கேன் செய்து மூன்று சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் கறை சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும், ஏனென்றால் மஞ்சள் விழுங்குவது நீல ஒளியை மட்டும். கறை தொல்லை என்றால் சிவப்புச் சேனலை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். உருவமே மங்கி மஞ்சளாகிப் போயிருந்தால் நீலச் சேனலைப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பார்டரும் வளையலும் அதில் தெரியலாம். நிறத்தை மொத்தமாக எடுத்தால் மூன்றும் கலந்து இரண்டு பயனும் போய்விடும்.

கார்த்திகை விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் திருத்த வேண்டுமா?

வேண்டாம். அகல் சுடர் 1,900 கெல்வின் அருகே இருக்கும், அதை வெள்ளையாக்கினால் ட்யூப்லைட்டில் வைத்த அகல்போல ஆகிவிடும். முகம் ரொம்ப ஆரஞ்சாக இருந்தால் கால் பங்கு குறையுங்கள். மாலை வெயிலுக்கும் இதையே செய்கிறேன்.

நான் திருத்திய படம் மற்றவர் போனில் நீலமாகத் தெரிகிறது. ஏன்?

முதலில் உங்கள் கணினியில் நைட் லைட் எரிகிறதா பாருங்கள். பொழுது சாய்ந்ததும் அது தானாகத் திரையை மஞ்சளாக்கும், நீங்கள் அந்த மஞ்சளைப் படத்தின் குற்றம் என்று நினைத்து நீலத்தைச் சேர்ப்பீர்கள். எனக்கு வந்த புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான். போனில் ‘விவிட்’ என்ற திரை அமைப்பையும் இயல்பு நிலைக்கு மாற்றுங்கள். நம் கண்ணும் பழகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே மரத்தையோ தெருவையோ பார்த்துவிட்டு வந்து படத்தைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் எண்களை நம்புங்கள், அவை பழகுவதில்லை.

ரொம்பத் திருத்தினால் வானம் வரிவரியாக உடைகிறது. தவிர்க்க முடியுமா?

ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். இழுத்து நீட்டினால் படிகளுக்கு இடையில் வெற்றிடம் விழும், ஹிஸ்டோகிராம் சீப்பின் பல்போலத் தெரியும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள், அதனால் தாங்கும். கேமராவோ போனோ ரா எடுக்குமென்றால் முக்கியமான நாளில் அதை இயக்கிவிடுங்கள். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதென்றால் கிம்பில் 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புது விவரம் வராது, அடுத்தடுத்த திருத்தங்களில் மேலும் உடையாமல் இருக்கும்.

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இலிருந்து லெவல்ஸ் போன்ற திருத்தங்கள் அடுக்கின் மேல் தனியாக நிற்கும், எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். பழைய பதிப்பு என்றால் அடுக்கை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள். இரண்டிலும் கிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேன் செய்த அசலின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து கொடுங்கள். “கரெக்‌ஷன் எதுவும் போட வேண்டாம், அப்படியே போடுங்கள்” என்று வாயாலும் சொல்லுங்கள், உறையின் மேலும் எழுதுங்கள். சொல்லாவிட்டால் லேப்பில் பழக்கத்தில் ஒரு தடவை வெளிச்சத்தைக் கூட்டிவிடுவார்கள். திரை ஒளிர்கிறது, தாள் ஒளிராது, ஆகவே பிரதி கொஞ்சம் இருட்டாகவே வரும். பெரிய அளவு போடும் முன் தபால் அட்டை அளவில் ஒரு பிரதி வாங்கி, வீட்டில் அந்தப் படம் மாட்டப்போகும் சுவரில், பகலிலும் விளக்குப் போட்ட பிறகும் வைத்துப் பாருங்கள்.